சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்: திசுவைத் தளவிளைவு ஒளியில் பார்க்கப் பழகுவது எப்படி?

பல ஆய்வகங்களில் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்து இழுப்பறையில் இரண்டு வட்டக் கண்ணாடித் தகடுகள் தூசி படிந்து கிடக்கும். சாம்பல் நிறம், விளிம்பில் ஒரு சின்னக் கோடு. எப்போதாவது ஒருமுறை யாராவது தேடி எடுப்பார்கள். எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்று சிறிது நேரம் பேச்சு நடக்கும். பார்த்து முடித்ததும் தகடுகள் மறுபடி இழுப்பறைக்குப் போய்விடும். அந்த இரண்டு தகடுகளை வைத்துக்கொண்டு தோலிலும் மூட்டு நீரிலும் சிறுநீரகத் திசுவிலும் என்னென்ன கண்டுபிடிக்கலாம், அதற்கு எங்கிருந்து பழகத் தொடங்கலாம் என்பதே இந்தக் கட்டுரை. கணிதம் அதிகம் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தளவிளைவு ஒளியில் ஏதோ பளிச்சென்று தெரிகிறது என்பதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதைச் சுற்றும்போது என்ன ஆகிறது என்று பார்த்த பிறகே பேச வேண்டும். மீதியெல்லாம் இதன் விரிவு.

ஒளி ஒரு குறுக்கலை. அது போகும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. விளக்கிலிருந்து வரும் சாதாரண ஒளியில் அந்த அதிர்வு எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும். ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டினால் அது தளவிளைவுற்ற ஒளி. இலங்கைப் பாடநூல்கள் இதையே முனைவாக்கம் என்கின்றன. வடிகட்டும் முதல் ஃபில்டரைப் போலரைசர் என்றும், திசுவைக் கடந்து வந்த ஒளியைச் சோதிக்கும் இரண்டாவது ஃபில்டரை அனலைசர் என்றும் ஆய்வகங்களில் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இழுப்பறையில் கிடந்த இரண்டு தகடுகளும் இவைதான்.

படி 1: கையில் ஒரு ஃபில்டரை எடுங்கள்

லேப்டாப்பின் எல்சிடி திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடி ஒன்றைத் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும், அங்கிருந்து 90 பாகை தள்ளினால் வெளுக்கும். எல்சிடி திரையின் முகப்பிலேயே ஒரு போலரைசர் ஒட்டியிருப்பதால் அதிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளிதான். முதல் ஃபில்டருக்கு நீங்கள் தனியாக அலைய வேண்டியதில்லை.

இரண்டு ஃபில்டர்களுக்கு இடையிலுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பை வர்க்கப்படுத்தினால் எவ்வளவு ஒளி கடந்து வரும் என்பது கிடைக்கும். இது மாலஸ் விதி. 45 பாகையில் பாதி வரும், 60 பாகையில் கால் பங்கு வரும், 90 பாகையில் ஒன்றும் வராது. விதிக்குப் பெயர் தந்த எட்டியேன் லூயி மாலுஸ் 1808-இல் பாரிஸில் லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்தார். படிகத்தைச் சுற்றும்போது பிம்பம் மங்கி மங்கித் தெளிந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் தளவிளைவு அடைகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அவரும் சுற்றித்தான் பார்த்திருக்கிறார்.

விதியில் ஒரு சின்ன எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 90 பாகைக்குப் பதிலாக 85 பாகையில் நிறுத்திவிட்டால் சுமார் 0.76 சதவீத ஒளி கசியும். ஒரு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். மைக்ரோஸ்கோப்புக்கு வரும்போது இந்த எண் நம்மைப் படுத்தப்போகிறது.

கேமராவுக்கு விற்கும் ‘சர்க்குலர் போலரைசர்’தான் கையில் இருக்கிறது என்றால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். அதில் ஒரு சாதாரணப் போலரைசரும் அதன் பின்னால், ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சுழன்று அதிர வைக்கும் கால் அலைத் தகடும் சேர்ந்திருக்கும். போலரைசர் பக்கம் திரையைப் பார்த்திருந்தால் சுற்றும்போது இருளும். மாற்றிப் பிடித்தால் எவ்வளவு சுற்றினாலும் இருளாது, லேசாக நிறம் மட்டும் மாறும். லென்ஸில் வழக்கம்போல் திருகினால் பிரச்சினை இல்லை. அதையே விளக்குக்கு முன்னால் வைப்பதாக இருந்தால் கால் அலைத் தகடு விளக்கைப் பார்த்தும் போலரைசர் வெளியே பார்த்தும் இருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு நாள் முழுவதையும் வீணாக்கியவர்கள் உண்டு, அவர்களில் நானும் ஒருவன்.

திரையைத் திறந்து வைத்திருக்கும்போதே இன்னொன்றையும் செய்து பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெள்ளை அல்லது நீலத் திரையின் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் சாயுங்கள். தலை சாயும்போது மங்கலான மஞ்சள் நிறத்தில் வில் டை போல ஒரு உருவம் தெரியலாம். 1844-இல் வில்ஹெல்ம் ஹைடிங்கர் விவரித்த இதற்கு ஹைடிங்கர் தூரிகை என்று பெயர். விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் நிறமிகள் ஆரக்கால்கள் போல அடுக்கியிருப்பதால் நீல ஒளியின் அதிர்வுத் தளத்தை ஒட்டி அவை கூடவோ குறையவோ உறிஞ்சுகின்றன. தளவிளைவு ஒளிக்கும் உயிருள்ள திசுவுக்கும் நடக்கும் ஊடாட்டத்தை எந்தக் கருவியும் இல்லாமல், உங்கள் கண்ணிலேயே பார்த்துவிட்டீர்கள். விழித்திரையின் மையப்பகுதி வேலை செய்கிறதா என்று சோதிக்க கண் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவதும் உண்டு. முதல் முயற்சியில் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், எனக்கும் மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

படி 2: இருட்டுக்கு நடுவில் ஒரு செலோடேப்

திரையும் குளிர்கண்ணாடியும் ஒன்றையொன்று மறைத்து இருளும் நிலையில், இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு செலோடேப்பை நீட்டுங்கள். பல டேப்புகள் இருட்டில் ஒளிரும். டேப்பைத் தயாரிக்கும்போது அதை இழுப்பதால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். சங்கிலியோடு சேர்ந்து அதிரும் ஒளி ஒரு வேகத்தில் போகும், குறுக்கே அதிரும் ஒளி இன்னொரு வேகத்தில் போகும். வெளியே வரும்போது ஒன்று மற்றதைவிடச் சில நூறு நானோமீட்டர் பின்தங்கியிருக்கும். அதனால் அதிர்வின் வடிவமே மாறி, அனலைசரைத் தாண்டி ஒளி வருகிறது. இதற்குப் பெயர் இரட்டை ஒளிவிலகல்.

இப்போது டேப்பை மட்டும் சுற்றுங்கள். 90 பாகைக்கு ஒருமுறை இருளும், நடுவில் 45 பாகையில் உச்ச வெளிச்சம். முழுச் சுற்றில் நான்கு முறை இருள வேண்டும்.

டேப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் எண்ணெய்த்தாள் போன்ற பால்வண்ணத் தாளை வையுங்கள். இதுவும் இருட்டில் வெளுப்பாகத் தெரியும். ஆனால் சுற்றிப் பாருங்கள், வெளிச்சம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இங்கே ஒளி தாளுக்குள் அங்குமிங்கும் மோதிச் சிதறி, எந்தத் தளத்தில் அதிர்ந்தோம் என்பதையே மறந்துவிட்டது. இதைத் தளவிளைவு இழப்பு என்கிறோம்.

டேப்பும் தாளும் இருட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். சுற்றினால்தான் எது ஒழுங்கு, எது குழப்பம் என்று பிரிகிறது. திசுவில் இரண்டும் கலந்தே இருக்கும்.

படி 3: திசுவுக்குள் போன ஒளி என்ன ஆகிறது?

உடம்பில் டேப்பைப் போல ஒழுங்காக அடுக்கிய பொருள்கள் நிறைய. தசைநாணிலும் தோலின் அடிப்பகுதியிலும் கொலாஜன் இழைகள், தசையில் புரத நார்கள், நரம்பில் மயலின் உறை, விழித்திரை நரம்பிழைகளில் நுண்குழாய்கள், பல்லில் எனாமல். தசையின் ஏ பட்டை, ஐ பட்டை என்ற பெயர்களே தளவிளைவு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வைத்தவைதான். ஏ பட்டை திசைக்குத் திசை வேறுபடும், ஐ பட்டை அப்படி வேறுபடாது. நோய் வரும்போது பெரும்பாலும் இந்த ஒழுங்குதான் முதலில் குலைகிறது. சூட்டில் வெந்த கொலாஜன் தன் இரட்டை ஒளிவிலகலை இழந்துவிடும். புற்றுக்கட்டி பரவும் இடத்தில் இழைகளின் அடுக்கு மாறிப்போகும். தழும்பில் புதிய அடுக்கு உருவாகும்.

அந்த ஒழுங்கை முழுத் திசுவில் பார்ப்பதற்குச் சிதறல் தடையாக நிற்கிறது. தோலின் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவது போலப் பட்டுத் திரும்பிவிடும். அதன் அதிர்வுத் தளம் மாறாது. மீதி உள்ளே போகிறது. அங்கே சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவு போவதற்குள்ளேயே ஏதோ ஒன்றில் மோதிவிடும். உயிரணுவின் கரு, கொலாஜன் கட்டு, மைட்டோகாண்ட்ரியா என்று மோதுவதற்கு ஆள் நிறைய. பெரும்பாலான மோதல்கள் ஒளியைச் சற்றே திசைதிருப்பி முன்னோக்கித்தான் அனுப்புகின்றன. அதனால் ஒன்றிரண்டு மோதலில் தளம் மறந்துபோகாது. சுமார் ஒரு மில்லிமீட்டர் போன பிறகு திசையும் போய்விடும், தளமும் பெரும்பாலும் போய்விடும்.

ஆக, தோலிலிருந்து உங்கள் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளியில் மூன்று கூட்டங்கள் இருக்கின்றன. மேற்பரப்பில் தெறித்தது ஒன்று, மேல் அடுக்குகளில் ஒன்றிரண்டு மோதலோடு திரும்பித் தளத்தை இன்னும் மறக்காதது இன்னொன்று, ஆழத்தில் அலைந்து எல்லாவற்றையும் மறந்து வருவது மூன்றாவது. இந்தக் கூட்டங்களைப் பிரிப்பதற்கு அனலைசர் போதும். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் உத்திகளில் பாதி இந்தப் பிரிப்புதான்.

வட்டத் தளவிளைவு என்று இன்னொரு வகையும் உண்டு, அதில் அதிர்வு திருகுபோலச் சுழன்றபடி போகும். ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துகள்களில் மோதும்போது இது நேர்த் தளவிளைவைவிட நெடுநேரம் நினைவு வைத்திருக்கும், மிகச் சிறிய துகள்களில் நிலைமை தலைகீழ். தொடக்கத்தில் இதற்குள் இறங்க வேண்டாம்.

படி 4: தோலை இரண்டு படமாக எடுப்பது

தேவையானவை ஒரு சின்ன எல்இடி விளக்கு, கைமுறையில் அமைப்புகளை மாற்றக்கூடிய கேமரா, இரண்டு போலரைசர் துண்டுகள். ஒன்றை விளக்கின் மேல் ஒட்டுங்கள், இன்னொன்றை லென்ஸுக்கு முன் சுற்றும்படி பொருத்துங்கள். விளக்கின் ஒளி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் கசியாதபடி கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். அறை விளக்கையும் அணையுங்கள்.

தோலுக்குப் போகும் முன் ஒரு எவர்சில்வர் கரண்டியையும் ஒரு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உலோகம் தளத்தை அப்படியே காப்பாற்றித் திருப்பி அனுப்பும், தாள் கிட்டத்தட்ட முழுவதும் மறக்கடித்துவிடும். அனலைசரைச் சுற்றிக் கரண்டியின் பளபளப்பு கறுத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் குறுக்கு நிலை. அங்கிருந்து 90 பாகை தள்ளினால் இணை நிலை. இரண்டு நிலையிலும் தாளின் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அமைப்பு சரி. கரண்டி எவ்வளவு சுற்றியும் கறுக்கவில்லை என்றால் எங்கோ ஒளி கசிகிறது, அல்லது ஃபில்டர்களில் ஒன்று தலைகீழாக இருக்கிறது.

இப்போது புறங்கையை வைத்து இரண்டு படம். ஒளியளவு, வெள்ளைச் சமநிலை, குவியம் எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள், தானியங்கியில் விட்டால் கேமரா உங்களுக்கு உதவுவதாக நினைத்து இரண்டு படத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும். கோப்பு ரா வடிவத்தில் இருக்கட்டும். ஜேபெக்கில் வெளிச்ச மதிப்புகள் வளைக்கப்பட்டிருக்கும், அவற்றைக் கழித்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இணைப் படத்தில் தோல் பளபளக்கும். ரேகைகளும் சொரசொரப்பும் எடுப்பாகத் தெரியும். குறுக்குப் படத்தில் பளபளப்பு சுத்தமாகப் போய்விடும், தோல் மெழுகு போலத் தட்டையாகி, உள்ளே இருக்கும் சிவப்பும் ரத்தக் குழாய்களின் நிறமும் மேலே வரும். இரண்டையும் ஒன்று சேர்த்தால் மூன்றாவது படம் கிடைக்கும். இணையிலிருந்து குறுக்கைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஓர் இடத்தில் இணை 110, குறுக்கு 90 என்றால் 20-ஐ 200-ஆல் வகுக்க 0.1 வரும். ஆழத்திலிருந்து வந்த மறதி ஒளி இரண்டு படத்திலும் சமமாக இருப்பதால் கழித்தலில் அது அடிபட்டுப்போகும். மேல் அடுக்கின் மெலனின் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால் வகுத்தலில் அதுவும் அடிபடும். தோலின் மேலுள்ள சாதாரணக் கரும்புள்ளிகள் இந்த மூன்றாவது படத்தில் மறைந்துபோவதைப் பார்த்தால் முதல்முறை கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும். நிறம் போய் மேல் அடுக்கின் கட்டமைப்பு மட்டும் எஞ்சும். தோல் புற்றின் எல்லையை அறுவைக்கு முன் வரைந்துகொள்ள இந்த முறையை ஆய்வாளர்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மேற்பரப்புப் பளபளப்பும் இதே கழித்தலில் தப்பித்து நின்றுவிடும் என்பதால், அதைக் கேமராவுக்குள் வராமல் வேறு பக்கம் திருப்ப விளக்கைச் சாய்த்து, தோலின் மேல் ஜெல் தடவிக் கண்ணாடி ஒன்றை வைப்பார்கள்.

மருத்துவமனையில் இதன் எளிய வடிவம் தளவிளைவு டெர்மாஸ்கோப். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கருவி, குறுக்கு நிலை ஃபில்டர்கள் உள்ளேயே இருக்கும். பழைய டெர்மாஸ்கோப்புக்குத் தோலில் எண்ணெயோ ஜெல்லோ தடவ வேண்டும், இதற்குத் தேவையில்லை. இரண்டும் ஒரே படத்தைத் தருவதில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வெண்மையாக மின்னும் குறுங்கோடுகள் தளவிளைவு ஒளியில்தான் தெரியும். அவை மெலனோமா என்ற தோல் புற்றிலும் வரலாம், வடுவிலும் வரலாம், தீங்கற்ற நார்க்கட்டியிலும் வரலாம். செபோரிக் கெரடோசிஸ் என்ற தீங்கற்ற தோல் வளர்ச்சியில் காணும் சிறு வெண்ணிறப் பொட்டுகள் தளவிளைவு இல்லாத ஒளியில்தான் நன்றாகத் தெரியும். பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தி இரண்டையும் பார்த்தால் அந்தப் பொட்டுகள் கண்சிமிட்டுவது போலத் தோன்றி மறையும். இரண்டு ஒளியும் உள்ள கருவி இருந்தால் இரண்டிலும் பார்க்காமல் எழுதாதீர்கள். உங்கள் சொந்த மச்சத்தைப் போலரைசர் வழியாகப் பார்த்து நீங்களே முடிவுக்கு வருவதும் வேண்டாம், அதற்கு மருத்துவர் இருக்கிறார்.

படி 5: மைக்ரோஸ்கோப்பில் இருட்டை உண்டாக்குவது

இழுப்பறைத் தகடுகளுக்கு வருவோம். ஒன்று கண்டென்சருக்குக் கீழே, விளக்கின் மேல். இன்னொன்று ஆப்ஜெக்டிவுக்கும் கண் லென்ஸுக்கும் நடுவில். ஸ்லைடு இல்லாமல், குறைந்த உருப்பெருக்கத்தில், ஒன்றைச் சுற்றி மிக இருண்ட இடத்தில் நிறுத்துங்கள்.

ஏன் அவ்வளவு கவனம் என்றால், கொலாஜனின் இரு ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.003. வழக்கமான 5 மைக்ரான் சீவலில் ஒரு கதிர் மற்றதைவிட 15 நானோமீட்டர்தான் பின்தங்கும். பச்சை ஒளியின் 550 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கணக்குப் போட்டால், மிகச் சாதகமான 45 பாகையில் வைத்தும் வந்து சேரும் ஒளி சுமார் 0.7 சதவீதம். முன்பு சொன்ன 85 பாகைக் கசிவு 0.76 சதவீதம். ஐந்து பாகை பிசகினால் கசிவும் கொலாஜனும் சரிசமமாகி நிற்கும், எது எதுவென்று பிரிக்க முடியாது. அறை விளக்கு எரிந்தாலும் இதே கதிதான். விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஓரிரு நிமிடம் காத்திருங்கள்.

முதல் மாதிரியாக உருளைக்கிழங்கை வெட்டி அதன் சாற்றில் ஒரு துளியை ஸ்லைடில் வையுங்கள். ஒவ்வொரு மாவுமணியிலும் கறுப்புச் சிலுவை ஒன்று தெரியும். மணியின் உள்ளே மூலக்கூறுகள் நடுவிலிருந்து ஆரமாகப் பரவியிருப்பதால், ஃபில்டர்களின் அச்சோடு ஒத்துப்போகும் நான்கு திசைகளில் மட்டும் இருளுகிறது. மால்டா சிலுவை என்பார்கள். ஸ்லைடைச் சுற்றினாலும் சிலுவை தன் இடத்தில்தான் நிற்கும், ஃபில்டர்கள் இரண்டையும் சேர்த்துச் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். நான்கு முறை இருளும் விதிக்கு இது விலக்குப் போலத் தோன்றினாலும் காரணம் அதேதான்.

இந்தச் சிலுவையிடம் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. சிறுநீரில் புரதம் மிகுதியாகக் கசியும் நெஃப்ராட்டிக் நோயாளியின் சிறுநீரில் கொலஸ்டிரால் எஸ்டர் நிறைந்த கொழுப்புத் துளிகள் இதே சிலுவையோடு மின்னும் என்று படித்த புதிதில், ஒரு ஸ்லைடு நிறையச் சிலுவைகளைக் கண்டேன். ஆர்வத்தில் எண்ணவும் தொடங்கிவிட்டேன். பக்கத்திலிருந்த மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையுறையை உருவி, வெற்று ஸ்லைடின் மேல் தட்டினார். அதிலும் சிலுவைகள். கையுறையில் தூவியிருந்த மாவு. மாவுமணியின் சிலுவை சற்றே கோணலாக, மையம் தள்ளி இருக்கும், விளிம்பும் ஒழுங்காக இருக்காது. கொழுப்புத் துளி நல்ல உருண்டை, சிலுவையும் நேர்த்தியாக இருக்கும். அன்றிலிருந்து வெற்று ஸ்லைடு ஒன்றை முதலில் பார்க்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை.

படி 6: காங்கோ ரெட், ஆப்பிள் பச்சை

சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் தவறாக மடிந்த புரதம் நார்நாராகப் படிவது அமிலாய்டு நோய். காங்கோ ரெட் சாயத்தின் மூலக்கூறுகள் அந்த நார்களோடு வரிசையாக ஒட்டிக்கொள்ளும். 1922-இல் பென்ஹோல்ட் இந்தச் சாயம் அமிலாய்டில் ஒட்டுவதைக் காட்டினார், 1927-இல் டிவ்ரியும் ஃபுளோர்க்கினும் தளவிளைவு ஒளியில் அதன் இரட்டை ஒளிவிலகலைச் சொன்னார்கள். அமிலாய்டு உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதற்கு இன்றும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சீவல் இங்கே 8 முதல் 10 மைக்ரான் தடிமன் வேண்டும். மெல்லிதாக வெட்டினால் உள்ளதும் தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே உறுதியான அமிலாய்டு ஸ்லைடு ஒன்றையும் கூடவே சாயமேற்றுங்கள். அது பச்சை காட்டாவிட்டால் நோயாளியின் ஸ்லைடைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பாடநூல்கள் ஆப்பிள் பச்சை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உண்மையில் ஃபில்டர் துல்லியமான குறுக்கு நிலையிலிருந்து லேசாக விலகினாலே பச்சையோடு மஞ்சளோ நீலமோ கலந்து வரும். அதைப் பார்த்து அமிலாய்டு இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. பக்கத்திலுள்ள கொலாஜன் வெள்ளை அல்லது நீலவெள்ளையாக மின்னும், அதைப் பச்சை என்று எண்ணிவிடவும் கூடாது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இரண்டாவது தவறில்தான்.

படி 7: மூட்டு நீரில் ஊசிகள்

தளவிளைவு ஒளி ஒரு நோயை ஏறக்குறைய நேரடியாகவே உறுதிப்படுத்தும் இடம் இது. 1961-இல் மெக்கார்ட்டியும் ஹாலண்டரும், யூரேட் படிந்து மூட்டு வீங்கும் கவுட் நோயாளிகளின் மூட்டு நீரில் யூரேட் படிகங்களை இந்த ஒளியில் அடையாளம் காட்டினார்கள். அதற்கு அடுத்து வந்த ஆய்வுகளில் கவுட் போலவே நடிக்கும் இன்னொரு படிக நோயும், அதாவது கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள் படிவதும், தனியாகப் பிரிந்தது.

உறிஞ்சியெடுத்த மூட்டு நீரில் ஒரு துளியைச் சுத்தமான ஸ்லைடில் வைத்து மூடுகண்ணாடி போட்டு, தாமதிக்காமல் பாருங்கள். உறைவதைத் தடுக்க லித்தியம் ஹெப்பாரின் சேர்த்த குழாயைப் பயன்படுத்தாதீர்கள், அதுவே படிகமாகி மின்னும். ஃபில்டர்கள் குறுக்கு நிலையில் இருக்க, யூரேட் ஊசிகள் கருந்திரையில் வெண்மையாகப் பளிச்சிடும். பல ஊசிகள் வெள்ளணுக்களின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இரு பக்கமும் நீட்டி நிற்கும். வெள்ளணுவுக்குள் இருக்கும் படிகத்துக்குத் தனி மதிப்பு உண்டு, இப்போதைய வீக்கத்துக்கும் படிகத்துக்கும் உள்ள உறவை அது சொல்கிறது.

இப்போது முதல் வரிசைச் சிவப்புத் தகட்டைச் செருகுங்கள். காம்பன்சேட்டர் என்பது இதைத்தான். பின்னணி முழுவதும் செம்மை கலந்த ஊதாவாக மாறும். தகட்டின் சட்டத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது தகட்டில் ஒளி மெதுவாகப் போகும் திசை. யூரேட் ஊசி அந்த அம்புக்கு இணையாகப் படுத்திருந்தால் மஞ்சள், குறுக்காக இருந்தால் நீலம். பைரோபாஸ்பேட் படிகம் பெரும்பாலும் சாய்சதுரமாகவோ குட்டைக் கம்பியாகவோ இருக்கும், மங்கலாகத்தான் மின்னும், இணையாக இருந்தால் நீலம்.

காரணம் புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யூரேட்டில் ஒளி மெதுவாகப் போவது ஊசியின் குறுக்குவாக்கில். ஊசி அம்போடு இணைந்து படுத்தால் ஊசியின் மெதுத் திசையும் தகட்டின் மெதுத் திசையும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழிக்கும். தகடு தரும் சுமார் 530 நானோமீட்டர் பின்னடைவு குறைந்து மஞ்சள் பக்கம் இறங்கும். குறுக்காக நின்றால் இரண்டும் கூடி நீலத்துக்கு ஏறும்.

ஒரே ஊசியைப் பிடித்துக்கொண்டு மேடையை 90 பாகை சுற்றுங்கள். மஞ்சள் நீலமாக வேண்டும். மாறாவிட்டால் அது படிகமே இல்லை, அல்லது நீங்கள் பார்ப்பது வேறெதையோ. அந்த மூட்டில் முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தின் படிகங்களும் மின்னக்கூடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யூரேட் முடிச்சை பயாப்சிக்கு எடுத்தால் ஃபார்மலினில் போடாமல் ஆல்கஹாலில் வைக்கச் சொல்லுங்கள், நீர் சேர்ந்த திரவத்தில் படிகம் கரைந்து வெறும் ஓட்டை மட்டும் மிஞ்சும்.

வழியில் கண்ணில் படுபவை

தூசி, நார், பஞ்சு, தையல் நூல், டால்க் பவுடர் எல்லாமே மின்னும். ஃபார்மலினில் ரத்தம் நெடுநாள் கிடந்தால் உண்டாகும் பழுப்பு நிறமி மின்னும், மலேரியாக் கிருமி விட்டுச்செல்லும் ஹீமோசோயின் நிறமியும் மின்னும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மின்னுவதை நம்பித் தேட வேண்டிய நேரமும் உண்டு. மார்பக எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்து பயாப்சி எடுத்திருப்பார்கள், வழக்கமான சாயத்தில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கால்சியம் ஆக்சலேட் கண்ணாடி போல நிறமின்றி ஒளிந்திருக்கும். போலரைசரைச் செருகியதும் அது எழுந்து நிற்கும். கால்சியம் பாஸ்பேட் அப்படி மின்னாது, ஆனால் அது சாயத்திலேயே தெரிந்துவிடும்.

கண், நாக்கு, கருமுட்டை

தோலையும் ஸ்லைடையும் தாண்டியும் இதே சூத்திரம் வேலை செய்கிறது. விழித்திரை நரம்பிழைப் படலம் எவ்வளவு தடிமன் என்பதை 780 நானோமீட்டர் லேசரின் பின்னடைவிலிருந்து கணக்கிடும் கருவி ஒருகாலத்தில் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயைப் பார்க்கும் மருத்துவமனைகளில் பரவலாக இருந்தது. வழியிலுள்ள கார்னியாவுக்கே இரட்டை ஒளிவிலகல் இருப்பதால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அதை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. பிறகு ஒளியால் திசுவின் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் ஓசிடி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தளவிளைவையும் ஓசிடியையும் சேர்த்த கருவி 1992-இல் முதலில் விவரிக்கப்பட்டது.

நாக்கின் அடியில் குறுக்கு நிலை ஃபில்டர்களோடு 548 நானோமீட்டர் பச்சை ஒளியை வைத்தால், ஆழத்தில் சிதறிய ஒளி பின்னிருந்து விளக்குப் போல ஒளிர, நுண்ரத்தக் குழாய்களும் அவற்றில் ஓடும் சிவப்பணுக்களும் கறுப்பாகத் தெரியும். 1999-இல் வெளிவந்த இந்த முறையால் தீவிர சிகிச்சையில் இருப்பவரின் நுண்ரத்த ஓட்டத்தை நேரில் பார்க்க முடிந்தது.

உயிருள்ள செல் பிரியும்போது தோன்றி, குரோமோசோம்களைப் பிரித்திழுக்கும் நார்க்கட்டான கதிர்க்கோலை 1953-இல் ஷின்யா இனோவே தளவிளைவு ஒளியில் சாயமின்றிக் காட்டினார். இன்று கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருமுட்டைக்குள் விந்தணுவைச் செலுத்தும்போது ஊசி கதிர்க்கோலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள அதே முறை உதவுகிறது. பின்னடைவு ஓரிரு நானோமீட்டர்தான். பிளாஸ்டிக் தட்டின் உள்ளழுத்தமே அதைவிட அதிகமாக மின்னும் என்பதால் அடிப்பகுதி கண்ணாடியாக இருக்க வேண்டும். முட்டை குளிர்ந்தாலும் கதிர்க்கோல் கலைந்துவிடும்.

படி 8: எண்களாக வேண்டுமென்றால்

கண்ணால் பார்ப்பது போதாது, அளக்க வேண்டும் என்ற கட்டம் வரும். 1852-இல் ஸ்டோக்ஸ் எந்தத் தளவிளைவு நிலையையும் நான்கு எண்களில் எழுதிவிடலாம் என்று காட்டினார். மொத்த ஒளி ஒன்று, கிடைமட்டத்துக்கும் நெடுக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று, இரு சாய்வுகளுக்குமான வித்தியாசம் ஒன்று, வலச்சுழல் இடச்சுழல் வித்தியாசம் ஒன்று. ஆறு படம் எடுத்தால் நான்கும் கிடைக்கும். நேர்த் தளவிளைவு மட்டும் போதுமென்றால் 2018-இல் சோனி கொண்டுவந்தது போன்ற, பிக்சலுக்குப் பிக்சல் நான்கு திசைப் போலரைசர் பதித்த சென்சார் ஒரே சொடுக்கில் மூன்றைத் தந்துவிடும்.

திசு இந்த நான்கு எண்களை என்ன செய்கிறது என்பதை எழுத 4-க்கு 4 அணி வேண்டும். பதினாறு எண்கள், முல்லர் அணி என்று பெயர். அதை வெறுமனே பார்த்தால் ஒன்றும் புரியாது. 1996-இல் லூவும் சிப்மனும் தந்த முறையில் அதைப் பிரித்தால் பின்னடைவு எவ்வளவு, தளவிளைவு இழப்பு எவ்வளவு, திசைக்குத் திசை உறிஞ்சல் எவ்வளவு என்று மூன்றாகக் கிடைக்கும். செலோடேப்பையும் எண்ணெய்த்தாளையும் பிரித்தோமே, அதே வேலைதான். கருப்பை வாயில் நல்ல பகுதி ஒழுங்கான கொலாஜனால் வலுவான பின்னடைவு காட்டுவதும், புற்றுக்கு முந்தைய மாற்றம் உள்ள இடத்தில் அது குறைவதும் ஆய்வுகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன.

கேட்பவர்கள் அடிக்கடி கேட்பது, ரத்தச் சர்க்கரையை ஊசி இல்லாமல் இதில் அளக்கலாமே என்று. குளுக்கோஸ் தளத்தைத் திருப்பும் என்பது உண்மை. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள கரைசலில் ஒரு சென்டிமீட்டர் போனால் திருப்பம் சுமார் 0.005 பாகை. தெளிந்த கண் நீரில் அதை அளக்க முயன்றிருக்கிறார்கள். தோல் வழியாக என்றால், ஒரு மில்லிமீட்டரிலேயே தளத்தை மறக்கடிக்கும் திசுவில் அந்த 0.005 பாகையைத் தேட வேண்டும். யாராவது அப்படியொரு கருவியை விற்றால் அளவுத்திருத்தத்தை எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

குறிப்பேட்டில் எழுதும்போது மின்னியது என்று மட்டும் எழுதாதீர்கள். சீவலின் தடிமன், இரு ஃபில்டர்களின் கோணம், காம்பன்சேட்டர் இருந்ததா, அம்பு எந்தப் பக்கம், வெற்று ஸ்லைடில் என்ன தெரிந்தது என்பனவற்றை எழுதுங்கள். கூடவே, மேடையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியபோது எத்தனை முறை இருண்டது என்பதையும்.